கிராபிக்ஸ் கார்டுக்கு ஒயில் பூசிய வாப்பா

மகளுக்கும் மகனுக்கும் எழுதுவது. வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் நீங்கள் இரண்டு பேரும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்துவிடுகிறீர்கள். "எங்கட வாப்பா கொம்பியூட்டருக்கு ஒயில் போட்டவரு" என்று. சிரியுங்கள், எனக்குக் கோபமில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் கதையில் ஒரு துண்டு இல்லை. அது உங்கள் உம்மாவுக்கும் தெரியாது. வாயால் சொல்லலாம் என்று இரண்டு மூன்று தரம் தொடங்கிப் பார்த்தேன், வரவில்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுவது, பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள்.

நாடு முழுக்க மணிக்கணக்காகக் கரண்ட் வெட்டிய வருடம் போய், அதற்கு அடுத்த வருடம், கடலிலிருந்து கச்சான் காற்று உப்பை அள்ளி வருகிற காலத்தில் இது நடந்தது. மாம்புரியில் நம் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ஒரு தென்னந்தோட்டம் மட்டும்தான். நான் போட் இஞ்சின் திருத்துகிறவன். வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டில்தான் என் பட்டறை.

மகள் அப்போது உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தைப் போனிலேயே வெட்டி ஒட்டி ஒரு வீடியோ செய்திருந்தாள். புத்தளத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினார், அண்ணனைக் கூப்பிடுவது மாதிரிக் கூப்பிட்டு. "நானா, ஒங்கட புள்ளக்கி கண் இரிக்கி. ஆனா போன்ல செஞ்சத பெரிய டீவில போட்டா உடைஞ்சி தெரியும். வீட்டுல ஒரு நல்ல கொம்பியூட்டர் இருந்தா, எடிட் பண்ற வேலையெல்லாம் நான் அங்கயே அனுப்புவன்" என்றார். வெளியில் போய் வேலை செய்ய வேண்டியதில்லை, கையில் ஒரு தொழிலும் இருக்கும். அன்று இரவே தீர்மானித்தேன். பழைய இஞ்சின் ஒன்றைப் புதுப்பித்து விற்பதற்கென்று வைத்திருந்தேன். அதை விற்றேன். அந்தக் காசுக்குள் முழுவதும் முடிய வேண்டும், கடன் வாங்குவதில்லை என்று உங்களிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், வீட்டில் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். எடிட் பண்ணுவதற்கும் கேம் விளையாடுவதற்கும் ஒரே மெசின் போதும், ஆனால் திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்ட் பெரிதாக இருக்க வேண்டும் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான்.

"காசெல்லாத்தையும் கார்ட்ல போட்டா மிச்சத்துக்கு என்ன செய்ற?" என்றாள் மகள். "ரேம் எட்டோட நிண்டா நாலு கமெரா வீடியோவ ஒண்டா போடக்குள்ள மெசின் இறுகிடும்."

"ஒனக்கு மாப்புள பொம்புளக்கி மேல பூத் தூவணும். அதுக்கு இவ்வளவு ரேமா?"

"ஒனக்கு ஆக்களச் சுட்டுத் தள்ளணும். அதுக்கு வாப்பாட இஞ்சின விக்கணுமா?"

மொனிட்டர் வாங்கத் தேவையில்லை, வீட்டு டீவியிலேயே கொடுக்கலாம் என்று மகன் ஒரு யோசனை சொன்னான். "டீவில கை வெச்சா ரெண்டு பேருக்கும் சோறில்ல" என்று குசினியிலிருந்து உம்மா சொன்னதோடு அந்த யோசனை முடிந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போட்டை வைத்து விளக்கச் சொன்னேன். மகள் கொப்பியில் ஒரு போட் கீறினாள். புரொசசர் என்றால் இஞ்சின். ரேம் என்றால் போட்டின் தளம், இடம் இருந்தால்தான் வலையை விரித்துப் போட்டு வேலை பார்க்கலாம், இல்லாவிட்டால் கால் வைக்கவும் இடமில்லை. எஸ்எஸ்டி என்றால் கைக்கு எட்டுகிற ஐஸ் பெட்டி. பவர் சப்ளை என்றால் எண்ணெய்க் குழாய். அப்படிச் சொன்னதும் எனக்குத் தலையில் வெளிச்சம் வந்தது. பலகை தாங்காத இஞ்சினைப் பூட்டினால் போட் பிளக்கும். தளம் இல்லாத போட்டில் பெரிய இஞ்சின் இருந்தும் மீன் வராது. எண்ணெய்க் குழாயில் மிச்சம் பிடிக்கிறவன் நடுக்கடலில் நிற்பான். இந்த மூன்றும் எனக்குத் தெரிந்த விசயம்தானே.

அப்படித்தான் பட்டியல் முடிவானது. புரொசசர் நடுத்தரம், முந்தின வருடத்தது, ஆறு கோர். ரேம் பதினாறு, பின்னால் கூட்டுவதற்கு மதர்போர்டில் இரண்டு இடம் காலியாக. வேலை செய்வதற்கு ஒரு எஸ்எஸ்டி, செய்ததைச் சேர்த்து வைக்கப் பழைய ஹார்ட் டிஸ்க். பவர் சப்ளை புதிது, பெயர் எடுத்தது. கேசிங் கடையில் இருப்பதிலேயே மலிவானது, மினுங்குகிற லைட் ஒன்றும் வேண்டாம். மிச்சத்துக்குக் கிராபிக்ஸ் கார்டும் மொனிட்டரும், வேறு ஆட்கள் பாவித்தவை. லைட் இல்லை என்றதும் மகன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. கார்ட் வாங்கியதும் கதைத்தான்.

சிலாபத்தில் ஒரு கணவன் மனைவி நடத்துகிற கடை. புதிய சாமானும் விற்பார்கள், பாவித்ததும் விற்பார்கள். கணவர் வியாபாரம், மனைவி உள்ளே மேசையில் திருத்த வேலை. சிங்கள ஆட்கள், ஆனால் தமிழ் நன்றாக வரும். பாவித்த கார்டை எடுத்து வைத்து, நல்ல கார்ட் என்றார் கணவர்.

"ஓட்டிப் பாக்கணும்" என்றேன்.

"நானா, இது போட் இஞ்சின் இல்ல."

"தெரியும் தம்பி. இஞ்சின் எண்டா தண்ணிப் பீப்பாயில வெச்சி ஒரு மணித்தியாலம் ஓட்டிப் பாத்துட்டுத்தான் நாங்க காசு குடுக்குற. இத என்னத்துல வெச்சிப் பாக்குற எண்டு நீங்க சொல்லுங்க, அதுல வெச்சிப் பாப்பம்."

அவர் சிரித்தார். உள்ளே இருந்த மனைவி சிரிக்கவில்லை. கார்டை வாங்கித் தன் மேசை மெசினில் பூட்டி, மகள் பென் டிரைவில் கொண்டு வந்திருந்த வீடியோவை அதில் ஓட விட்டார். ஒரு மணித்தியாலம் நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கார்ட் ஒரு தரமும் நிற்கவில்லை. ஒரு மாதத்துக்கு உத்தரவாதம் எழுதித் தந்தார்கள்.

வீட்டில் மகள்தான் எல்லாவற்றையும் பொருத்திப் பூட்டினாள். பாயில் சாமான்களைப் பரப்பி, போனில் பார்த்துப் பார்த்து, மகனை ஒரு திருகாணி தொடவும் விடாமல். முதல் தரம் திரை வெளிச்சம் வந்தபோது அவள் சத்தம் போடவில்லை, இரண்டு கையையும் முழங்காலில் துடைத்துக்கொண்டாள். பகலில் எடிட், பின்னேரம் ஒரு மணித்தியாலம் மகனுக்குக் கேம் என்று உம்மா சட்டம் போட்டார். ஒரு கிழமையில் புத்தளத்து ஆள் முதல் வேலையைக் கொடுத்தார். மாப்பிள்ளை கட்டாரில் வேலை செய்கிறவர், இரண்டு கிழமை கழித்து வெள்ளிக்கிழமை திரும்பிப் போகிறார், வீடியோவைக் கையோடு கொண்டு போக வேண்டும். வியாழன் பின்னேரத்துக்குள் கிடைத்தால் அடுத்தடுத்த வேலையும் நமக்கு. பிந்தினால் அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

இனி என் வேலைக்கு வருகிறேன்.

கச்சான் காற்று எழும்பினால் நம் வீட்டில் எதுவும் தப்பாது என்று உங்களுக்குத் தெரியும். சன்னல் கொழுக்கி, சைக்கிள் சங்கிலி, உம்மாவின் ஊசிப் பெட்டி, எல்லாம் சிவந்துவிடும். ஒரு நாள் காலையில் கேசிங்கின் பின்பக்கத் திருகாணி ஒன்றில் துரு பிடித்திருப்பதைக் கண்டேன். வெளியில் இப்படியென்றால் உள்ளே என்ன கதி? இஞ்சின் கரைக்கு வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, ஒயில் பூசி வைப்பது எனக்குக் கை பழகிய வேலை. அதைச் செய்யாத ஆட்களை நான் பட்டறையில் வைத்து ஏசுவேன். இதைக் கழுவ ஏலாது என்ற அளவுக்கு எனக்கு அறிவிருந்தது. ஒயில் பூசலாம்தானே என்று நினைத்தேன்.

மகள் உம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், மகன் பள்ளிக்கூடத்தில். கரண்டைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, தையல் மெசின் ஒயிலைச் சின்னத் தூரிகையில் தொட்டு, கிராபிக்ஸ் கார்டின் அலுமினியத் தகடுகளிலும் செப்புக் குழாய்களிலும் மெல்லிசாகப் பூசினேன். மேலே இருந்த இரண்டு காற்றாடிகளின் நடுவிலும் ஒவ்வொரு சொட்டு. மற்ற இடத்தைத் தொடவில்லை. மூடிவிட்டு, நல்ல வேலை செய்தோம் என்று கை கழுவினேன். மகளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. வாப்பா செய்கிற வேலையைப் பிள்ளையிடம் கேட்டுச் செய்வதா என்ற எண்ணம், அவ்வளவுதான்.

எட்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை, வியாழனுக்கு முதல் நாள், மகள் வேலையெல்லாம் முடித்து, முழு வீடியோவையும் ஒரே பைலாக ஆக்கி எடுக்க மெசினுக்குக் கொடுத்தாள். நூற்றுக்கு அறுபதைத் தாண்டியதும் மெசின் படாரென்று நின்றது. திரும்பப் போட்டாள், ஐம்பதில் நின்றது. மூன்றாம் தரம் நாற்பதும் வரவில்லை. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நான் அறைக்குள் வந்தபோது அவள் கேசிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் எதையோ பிழையாப் பூட்டியிரிக்கிறன்" என்றாள்.

"நீ பூட்டினா அப்பிடித்தான்" என்றான் மகன் கட்டிலில் இருந்துகொண்டு.

நீங்கள் இரண்டு பேரும் அறியாத துண்டு இதுதான். நான் வாசலில் நின்றபடியே மணத்தைப் பிடித்துவிட்டேன். சூட்டில் கருகின ஒயில் மணம். இருபத்தைந்து வருடமாக அந்த மணத்தோடுதான் நான் சாப்பிடுகிறேன். மூக்கு சொன்னதும் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. "நாளைக்கு விடியவே சிலாபத்துக்குப் போவம்" என்று மட்டும் சொன்னேன். அன்று மகள் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழும்பிப் போனாள். நான் என் சோற்றைச் சாப்பிட்டு முடித்தேன்.

அடுத்த நாள் முதல் பஸ். கேசிங்கைப் படுக்கை விரிப்பால் சுற்றி மகள் மடியில் வைத்திருந்தாள். பாலாவியில் இறங்கி, பஸ் மாறி, சிலாபம் போய்ச் சேரும்வரை அவள் கதைத்தது ஒரே ஒரு தரம். "வாப்பா, சரிவராட்டி அந்த ஆளுக்கு நானே போன் பண்ணிச் சொல்றன். நீங்க சொல்ல வேணாம்."

கடைக்காரரின் மனைவி மூடியைக் கழற்றி, கார்டை வெளியில் எடுத்து, லைட்டுக்குக் கீழே பிடித்தார். தகடுகளுக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று அடைந்திருந்தது. மணல், தும்புத் தூள், பஞ்சு, எல்லாம் ஒயிலில் ஒட்டி இறுகிப் போயிருந்தன. ஒரு காற்றாடி விரலால் தள்ளியும் சுற்றவில்லை. அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"நங்கி, இதுக்குள்ள யாரு ஒயில் போட்டது?" என்று மகளைக் கேட்டார். தங்கச்சி என்று கூப்பிடுவது மாதிரி.

"யாரும் போடல்ல. நான்தான் பூட்டின, வேற யாரும் தொடல்ல. நான் ஏதாச்சும் பிழையாப் பூட்டி அப்பிடி வருமா?"

கணவர் வந்து எட்டிப் பார்த்தார். மனைவியிடம் சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. இந்தக் கார்டைச் சோதித்தது நீதானே, யாரோ ஒயில் ஊற்றி விற்றதைக் கண்ணால் காணவில்லையா, உத்தரவாத நாள் இன்னும் இருக்கிறது, இப்போது வேறு கார்ட் கொடுக்க வேண்டும், எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனார். நான் பார்த்தேன், அன்றைக்கு இது இருக்கவில்லை என்று மனைவி சொன்னார். கணவர் நம்பவில்லை. மனைவி தலையைக் குனிந்துகொண்டு கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன் கண்ணையே நம்பாதவர் மாதிரி.

என் இடது பக்கம் மகள், வலது பக்கம் அந்த மனுசி. இரண்டு பேரும் செய்யாத பிழையைத் தேடிக்கொண்டு நின்றார்கள். நான் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றால் எனக்கு வேறு கார்டே கிடைத்துவிடும். ஒரு நிமிசம் அந்த நினைப்பும் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"ஒயில் நான்தான் பூசினன்" என்றேன். முதலில் சிங்களத்தில் அந்தக் கணவருக்கு. பிறகு தமிழில் மகளுக்கு.

மகள் என்னைப் பார்த்துவிட்டுக் கார்டைப் பார்த்தாள்.

"என்ன ஒயில்?" என்றார் மனைவி.

"தையல் மெசின் ஒயில். உப்புக் காத்துக்குத் துருப் பிடிக்கும் எண்டு."

"துருப் பிடிக்கும்தான். இங்கயும் கடல்தானே" என்றார் அவர். "ஆனா நானா, போட் இஞ்சின் சூட்ட எது எடுக்குது?"

"கடல் தண்ணி. கீழ உள்ள ஓட்டையால இழுக்கும்."

"அந்த ஓட்டையில சொப்பிங் பேக் அடைச்சா?"

"இஞ்சின் பத்திடும்."

"இதுக்குக் காத்துதான் தண்ணி. இந்தத் தகட்டு இடுக்குதான் அந்த ஓட்டை. நீங்க அடைச்சிட்டீங்க."

இஞ்சின் படிக்க என்னிடம் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

கணவர் இப்போது என்னிடம் திரும்பினார். "அப்ப உத்தரவாதம் இல்ல நானா."

"வேணாம். கழுவுற கூலியச் சொல்லுங்க. இண்டைக்குப் பின்னேரத்துக்குள்ள இது ஓடணும். இல்லாட்டிப் புள்ளட வேல போயிடும். நான் இங்கயே இரிக்கிறன்."

அந்த மனுசி மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்தார். காற்றாடிகளைக் கழற்றி, தகடுகளை ஸ்பிரிட்டில் தோய்த்துப் பழைய பல் தூரிகையால் தேய்த்தார். மகளையும் பக்கத்தில் இருத்தி ஒரு தூரிகையைக் கொடுத்தார். இறுகிப்போன காற்றாடிக்குப் பதிலாக, செத்த கார்ட் ஒன்றிலிருந்து வேறு ஒன்றைப் பிடுங்கிப் பூட்டினார். உப்புக் காற்றுக்கு என்ன செய்வது என்பதையும் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். கடல் பக்கத்துச் சன்னலுக்குக் கிட்ட வைக்காதே, நிலத்தில் வைக்காதே, நிற்பாட்டி ஆறின பிறகு துணியால் மூடு, ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரமாவது ஓட விடு, மாதத்துக்கு ஒரு தரம் தூசியை ஊது. "வாப்பாவக் கிட்ட விடாத" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார். அப்போதுதான் மகள் சிரித்தாள்.

கடை மேசையிலேயே மெசினைப் போட்டு வீடியோவை எடுக்கக் கொடுத்தோம். "பீப்பாயில வெச்சிருக்கு நானா, போய்ச் சாப்பிட்டு வாங்க" என்றார் கணவர். நான் போகவில்லை. நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுபத்தைந்து தாண்டிய பிறகுதான் கதிரையில் இருந்தேன். நூறு வந்தபோது மகள் திரும்பிக் கூடப் பார்க்காமல் பென் டிரைவை மெசினில் செருகினாள்.

கூலி கேட்டேன். காற்றாடிக்கு மட்டும் எடுத்தார்கள். "மத்தது நீங்க வாய் திறந்ததுக்கு. இல்லாட்டி இவர் ஒரு மாசம் எனக்குச் சொல்லிக் காட்டுவார்" என்றார் அந்த மனைவி. கணவர் வேறு எங்கோ பார்த்தார்.

புத்தளத்து ஆள் கடையைப் பூட்டப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். ஐந்து நிமிசம் ஓட விட்டுப் பார்த்தார். "கலர் கொஞ்சம் கூடிட்டு. பரவால்ல. ஞாயித்துக்கிழம வாங்க, அடுத்தது இரிக்கி" என்றார்.

மாம்புரி பஸ்ஸில் மகள் சன்னல் பக்கம் இருந்தாள். காற்றாலைகள் தெரியத் தொடங்கியபோது சொன்னாள், "வாப்பா, ராத்திரி முழுக்க எந்த வயரப் பிழையாக் குடுத்தன் எண்டு யோசிச்சிக்கிட்டே கெடந்தன். இந்த வேல எனக்குச் சரிவராது எண்டே நெனச்சிட்டன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், முடிந்துபோன விசயம் என்பதுபோல. நான் "ம்" என்றேன். முந்தின நாள் பின்னேரமே எனக்குத் தெரியும் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கடையில் பாதியைத்தான் சொன்னேன். மீதி இதுதான், மகள். அந்த ஒரு இரவு நீ உன் கையைச் சந்தேகப்பட்டது என்னால். ஒயில் பூசியது தெரியாமல் செய்தது. அந்த இரவு தெரிந்து செய்தது.

இன்று நீ சிலாபம்வரை வேலை எடுக்கிறாய். தம்பி அதே மெசினில் விளையாடி, அதிலேயே படித்து, வேறு ஆட்களுக்கும் மெசின் பூட்டிக் கொடுக்கிறான். அதைப் பார்க்கிறபோதெல்லாம், ஒரு பிள்ளை தன் கையைத் தானே நம்பாமல் போவதற்கு ஒரு பெரிய ஆளின் ஒரு இரவு மௌனம் போதும் என்பதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

சிலாபம் போய் வந்ததற்கு அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, பட்டறைக் கதவை உள்ளே சாத்திக்கொண்டேன். மூலையில் ஒரு மீன்காரரின் இஞ்சின் கிடந்தது. நான் திருத்திக் கொடுத்த பிறகு இரண்டு தரம் கடலில் நின்றுபோன இஞ்சின். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும், நீங்கள் பார்த்து ஊற்றவில்லை என்று அவரை நான் ஏசி அனுப்பியிருந்தேன், அவரும் தன் பிழை என்று நம்பித் தலையாட்டிப் போயிருந்தார். அதை மேசையில் ஏற்றி முழுவதும் கழற்றினேன். உள்ளே, தண்ணீர் வராமல் தடுக்கிற சீல் ஒன்று பக்கம் மாறிக் கிடந்தது. அப்படிப் போட்டது என் கைதான். புதியதை எடுத்துச் சரியான பக்கமாக அமுக்கிப் பூட்டி முடித்து, கையைத் துடைக்கவும் இல்லை, போனை எடுத்து அவருடைய நம்பரை அழுத்தினேன்.